பத்மினியின் கதவும் என் கல்யாணமும்

பை தைக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கண்ணில் படுகிற எல்லாமே பையாகத்தான் தெரியும். தலையணை என்றால் பஞ்சு அடைத்த பை. சோபா என்றால் மனுஷன் உட்காருகிற பை. வரவேற்பில் கோட்டு போட்டுக்கொண்டு நிற்கிற மாப்பிள்ளை, கைக்கு இரண்டு ஓட்டை விட்ட ஒரு பைக்குள் நிற்கிறார். (என் வீட்டுக்காரரிடம் இதை ஒருமுறை சொல்லிவிட்டேன். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.) இருபத்தாறு வயதில் இந்த வியாதி எனக்கு முற்றிப்போயிருந்தது. அந்த முற்றலில் ஒரு கார் கதவையும் பை என்று நினைத்துவிட்டேன். அதற்கான தண்டனையை என் கல்யாணத்தன்றே, மாட்டுங்காவில் ஒரு மண்டப வாசலில், ஊரே பார்க்க அனுபவித்தேன்.

அப்போது தாராவியில் ஒரு பை பட்டறையில் கட்டிங் பார்த்துக்கொண்டிருந்தேன். ரெக்ஸினைப் பன்னிரண்டு மடிப்பாக அடுக்கி, மேலே அச்சை வைத்து, ஒரே இழுப்பில் வெட்டுவேன். பன்னிரண்டும் அச்சு அசலாக இருக்கும். தாராவியிலேயே என் வெட்டுக்கு நிகர் கிடையாது என்று எல்லாரும் சொல்வார்கள். நான் கேட்டால் சொல்வார்கள்.

என் அப்பா டிரைவர். முப்பது வருஷம் ஒரே முதலாளிக்கு வண்டி ஓட்டினார். அந்த முதலாளி பம்பாயை விட்டுப் போகும்போது தன் வெள்ளைப் பத்மினி காரை அப்பா கையில் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் சந்துக்குள் அது நுழையாது. ரோட்டோரம் நிற்கும். தினமும் காலையில் டீ குடிக்கும் முன்பே அப்பா அதைத் துடைக்கப் போய்விடுவார்.

“இந்த மனுசன் என் மூஞ்சிய ஒருநாளாவது இப்பிடி உத்துப் பாத்திருப்பாரா?” என்று அம்மா தெருவுக்கே கேட்கும்படி சொல்வாள்.

“நீ ஸ்டார்ட் ஆவதுக்கு முன்னாலயே சத்தம் போடுத. அது அப்பிடி இல்லல்லா,” என்பார் அப்பா.

வண்டி வெளியே பளபள. இன்ஜினும் நல்ல இன்ஜின். கதவுகளின் உள்பக்கம்தான் கண்றாவி. காரில் ஏறுகிற பலருக்கு இது தெரியாது: கதவின் உள்பக்கம் இரும்புத் தகடு தெரியாமலிருக்க ஒரு ஹார்ட்போர்டு அட்டையை வைத்து, மேலே ரெக்ஸின் ஒட்டியிருப்பார்கள். கதவைத் திறக்கிற கைப்பிடியும் கண்ணாடியை ஏற்றி இறக்குகிற கைப்பிடியும் அந்த அட்டையில் உள்ள ஓட்டைகள் வழியாக வெளியே வரும். (இந்த ஓட்டைகளைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) நாற்பது மழைக்காலத்துத் தண்ணீரைக் குடித்துக் குடித்து, எங்கள் வண்டியின் அட்டைகள் நான்கும் எண்ணெயில் போட்ட அப்பளமாக வளைந்து நின்றன. மேலே பல்லைக் காட்டும், கீழே வயிறு தள்ளும். அப்பாவுக்கு அது கண்ணில் படவே படாது. பிள்ளையின் தெற்றுப்பல் அப்பனுக்கு எங்கே தெரியும்?

எனக்கு நிச்சயம் நடந்த அன்று மற்றவர்கள் கண்ணில் பட்டது. மாப்பிள்ளை பாஸ்கர் செம்பூர்க்காரர். அங்கே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஸ்டேஷனரிக் கடை. பூர்வீகம் எங்களைப் போலவே திருநெல்வேலிப் பக்கம்தான். நிச்சயம் முடிந்து கிளம்பும்போது டாக்சி கிடைக்கவில்லை என்று, வருங்கால மாமியாரை அப்பாவே பத்மினியில் கொண்டுபோய் விட்டார். பின் சீட்டில் அத்தை. பக்கத்தில் நான், மரியாதைக்கு. சயான் சிக்னலில் அப்பா பிரேக் போட்டார். டப் டப் டப் என்று வரிசையாக, அட்டையைப் பிடித்திருந்த கிளிப்புகள் விட்டன. கதவின் அட்டை முழுசாகக் கழன்று அத்தையின் மடியில் வந்து உட்கார்ந்தது.

அத்தை சீர்த்தட்டைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு செம்பூர் வரை வந்தார். வீட்டு வாசலில் இறங்கி, அதை அப்பாவிடம் நீட்டினார்.

“இந்தாங்க சம்பந்தி, உங்க கதவு.”

இரண்டு நாள் கழித்து அத்தையிடமிருந்து போன் வந்தது. குரலில் அவ்வளவு பணிவு. “கல்யாணத்தன்னைக்குப் பொண்ணக் கூட்டிட்டு வர நாங்களே வண்டி அனுப்பிருதோம் சம்பந்தி. பெரிய ஏசி வண்டி. உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்?”

“சரிங்க,” என்று சொல்லிவிட்டு அப்பா போனை வைத்தார்.

நான் பத்தாவது படித்த காலத்திலிருந்து சந்து முழுக்கச் சொல்லிவைத்திருந்த மனுஷன் அவர். “எம் மவ எம் வண்டியிலதான் மண்டவத்துக்குப் போவா. நான்தான் ஓட்டுவேன்.” இஸ்திரிக் கடைக்காரர், பால்காரர், முடிவெட்டுகிறவர் எல்லாருக்கும் இது மனப்பாடம். மறுநாள் காலையில் அப்பா டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். வண்டி துடைக்கப் போகவில்லை. அதைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் பாஸ்கருக்குப் போன் போட்டேன். (கட்டிக்கப்போகிறவர் எதற்கு இருக்கிறார்?)

“உங்க அம்மாட்டச் சொல்லிருங்க. ஏசி வண்டியும் வேண்டாம் ஓசி வண்டியும் வேண்டாம். நான் எங்கப்பா வண்டியிலதான் வருவேன்.”

“அரே, இசக்கி, அம்மா நல்லதுக்குத்தான் சொல்றாங்க. கதவு கழண்டு விழுதுல்ல?”

“விழாது. நான் செஞ்சு தாரேன்.”

“நீயா? கல்யாணத்துக்கு மூணு வாரம்தான் இருக்கு. எல்லாப் பொண்ணுங்களும் பேஷியல் பண்ணிக்குவாங்க.”

“கதவுக்குப் பண்ணுதேன். அதுதான் இப்ப அசிங்கமா இருக்கு.”

அன்று மாலையே பதில் வந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் அத்தை நேரில் வந்து பார்ப்பார். கதவு அவருக்குத் திருப்தியானால் பத்மினி. இல்லாவிட்டால் ஏசி.

அப்பா, கார் சீட்டு தைக்கிற யாரிடமாவது கொடுக்கலாம் என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டில் ஒருத்தி ரெக்ஸினோடு ரெக்ஸினாகக் கிடக்கும்போது வெளியாளா? “கதவுன்னா என்னப்பா? வாய் இல்லாத பை. அவ்வளவுதான்,” என்றேன். இந்த வாக்கியத்தை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

முதலில் பழைய அட்டைகளையே நிமிர்த்தப் பார்த்தேன். கழற்றி, முதுகுப்பக்கம் ஈரத்துணியால் ஒற்றி, இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து, மேலே ரெக்ஸின் உருளைகளை ஏற்றினேன். மூன்று நாள் கழித்து எடுத்தால் தரை மாதிரி சமமாக இருந்தது. எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். பெருமை மதியம் வரைக்கும்தான். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் நான்கும் எதிர்ப்பக்கமாக வளைந்து கிடந்தன. வெளியே தள்ளிய வயிறு இப்போது உள்ளே போயிருந்தது.

சரி போ என்று புது அட்டை வாங்கினேன். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது நான் உண்மையிலேயே நன்றாகச் செய்த காரியம். அட்டை வளைவது தண்ணீரால். தண்ணீர் ஏறுவது முதுகு வழியாகவும் ஓரம் வழியாகவும். ஆகவே முதுகுக்கும் ஓரத்துக்கும் மூன்று கை வார்னிஷ் அடித்துக் காயவைத்தேன். மேலே மெல்லிய ஸ்பாஞ்ச், அதன்மேல் மெரூன் நிற ரெக்ஸின், நடுவே சாய்வாகச் சந்தன நிறத்தில் ஒரு பட்டை, பட்டையின் இரண்டு ஓரத்திலும் இரட்டைத் தையல். பட்டறையில் இருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்கள். அன்றைக்கு நான் நடந்த நடையை யாராவது வீடியோ எடுத்திருந்தால், பார்க்கிறவர்களுக்கு என்னைப் பிடித்து இரண்டு சாத்து சாத்தத் தோன்றும்.

ஓட்டை போடும் வேலையைத்தான் நான் என் பெயர்பெற்ற முறையில் செய்தேன். கதவு அட்டை கிட்டத்தட்ட நீள்சதுரம். பின்கதவில் சக்கரத்துக்கான வளைவை மட்டும் பொருத்தும்போது வெட்டிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். ஆகவே முன்கதவு அட்டை இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே வலதுகதவின் பழைய அட்டையை அச்சாக வைத்து, ஒரே குத்து. பின்கதவு இரண்டுக்கும் அதே மாதிரி ஒரே குத்து. பையில் முன்பக்கம் பின்பக்கம் எல்லாம் ஒன்றுதான். பத்து வருஷமாக அப்படி அடுக்கி வெட்டியே பழகிய கை.

கார் கதவு அப்படி இல்லை. வலதுகதவும் இடதுகதவும் நம் இரண்டு செருப்பு மாதிரி. வலதில் கைப்பிடி எந்த ஓரத்தில் இருக்கிறதோ, இடதில் அதற்கு எதிர் ஓரத்தில் இருக்கும். செருப்புப் போடத் தெரிந்த எந்தக் குழந்தைக்கும் தெரிகிற விஷயம் தாராவியின் நிகரில்லாத வெட்டுக்காரிக்குத் தெரியவில்லை.

தெரிந்தது கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில். வலதுபக்கம் இரண்டும் கச்சிதமாக உட்கார்ந்தன. அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இடதுபக்கத்துக்குப் போனேன். அட்டையை வைத்தேன். கைப்பிடி வரவேண்டிய இடத்தில் மழமழவென்று சந்தனப் பட்டை. ஒன்றுமே இல்லாத இடத்தில் இரண்டு ஓட்டை. பதினோரு மணிக்கு அத்தை வருகிறார். மெரூன் ரெக்ஸின் ஒரு சாண் மிச்சமில்லை.

“அப்பா, ஒரு டீ குடிச்சிட்டு வாங்களேன்.”

“இப்பந்தான குடிச்சேன்.”

“இன்னொண்ணு குடிங்க.”

சரியான இடத்தில் புதிதாக ஓட்டை போட்டிருக்கலாம். ஆனால் அந்த இடம் சரியாக என் சந்தனப் பட்டையின் மேல், இரட்டைத் தையலின் நடுநெஞ்சில் வந்தது. அங்கே கத்தியை வைக்க எனக்குக் கை வரவில்லை. அப்போதுதான் என்னுள் இருந்த பைக்காரி விழித்துக்கொண்டாள். ஓட்டையை மறைக்க வேண்டும், அவ்வளவுதானே? பட்டறைக்கு ஓடினேன். மீந்துகிடந்த சந்தன ரெக்ஸினில் கதவு அகலத்துக்கு இரண்டு நீளப் பைகள் தைத்தேன். மடிப்பு வைத்து, வாயில் எலாஸ்டிக் போட்டு, தவறான ஓட்டைகளுக்கு மேல் அவற்றை வைத்துத் திருகினேன். கைப்பிடிகளை எடுத்து டிக்கியில் போட்டேன். உள்ளே கைப்பிடி இல்லாவிட்டால் என்ன, வெளியே ஒரு கைப்பிடி இருக்கிறதே. கண்ணாடிகளை மட்டும் அட்டை பொருத்துவதற்கு முன்பே கீழே இறக்கிவைத்திருந்தேன். இனி அவை ஏறாது. ஏறாவிட்டால் காற்று வரும். எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருந்தது என்னிடம்.

அப்பா இரண்டாவது டீயை முடித்துவிட்டு வந்தார். பையைத் தடவினார். சந்தனப் பட்டையைத் தடவினார். “கைப்பிடி எங்க தாயி?”

“சேலையில மாட்டும்லாப்பா. கல்யாணம் முடியட்டும், போட்டுக்கிடலாம்.”

“ஆமா, அதுவும் சரிதான்,” என்றார் அப்பா. முப்பது வருஷம் வண்டி ஓட்டியவர். மகள் சொன்னால் நம்பிவிடுவார். இதை எழுதும்போதுகூட எனக்குக் கூசுகிறது.

அத்தை வந்தார். எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு கதவின் அட்டையையும் விரலால் தட்டினார், ஓரத்தில் நகத்தை விட்டு இழுத்துப் பார்த்தார். எதுவும் அசையவில்லை. முகம் மலர்ந்தது. “பரவாயில்லையே! பையெல்லாம் வச்சிருக்கியே! தண்ணி பாட்டில் வைக்கலாம், விசிறி வைக்கலாம்.” பிறகு குனிந்து, “இந்த முனை மட்டும் லேசாத் தூக்குது பாரு,” என்றார்.

மாமியார் சொன்ன முதல் குறை. விடுவேனா? அவர் போனதும், பெரிய சூட்கேஸுக்கு அடிக்கிற நீள ஸ்க்ரூவை எடுத்துவந்து, இரண்டு பைகளின் முனையிலும் பைக்கு ஒன்றாகத் தகட்டுக்குள் முறுக்கி இறக்கினேன். சரியாக அந்த இடத்தில், தகட்டுக்குப் பின்னால்தான் கதவின் பூட்டு இருக்கிறது என்பதை எந்தப் பையும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. கதவுகள் அப்போது மூடியிருந்தன. அதற்குப் பிறகு அவற்றை யாரும் திறக்கவில்லை. நான் மருதாணி வைத்துக்கொள்ளப் போய்விட்டேன்.

கல்யாணம் ஆனி மாதம். ஊரில் இருக்கிற சோசியர் குறித்துக் கொடுத்த முகூர்த்தம். அவருக்கு ஆனி என்றால் குற்றாலச் சாரல். பம்பாயில் அது வானம் பொத்துக்கொள்கிற மாதம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. காலையில் தூறல்தான். ரோட்டின் இடது ஓரத்துச் சாக்கடை நிறைந்திருந்ததால் எல்லாரும் வலதுபக்கக் கதவு வழியாக ஏறினோம். அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் ஸ்டியரிங் முன்னால். பக்கத்தில் அம்மா. பின்னால், இடது ஜன்னலோரமாக நான். மற்ற சொந்தக்காரர்கள் எல்லாம் முன்பே போயிருந்தார்கள்.

தாராவியிலிருந்து மாட்டுங்கா மண்டபத்துக்கு நடந்தே போகலாம். அவ்வளவு குறைந்த தூரத்தில் தன் பெருமை முடிந்துவிடக் கூடாது என்று அப்பா சயான் சுற்றி, கிங்ஸ் சர்க்கிள் வழியாகப் போக முடிவெடுத்தார். சந்து முனையில் இஸ்திரிக் கடைக்காரர் கையாட்டினார். அப்பா ஹாரன் அடித்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, அதை மறைக்க மாட்டேன்.

சயான் தாண்டியதும் வானம் பிளந்தது. இடதுபக்கக் கண்ணாடி இரண்டும் ஏறாது. அம்மா காருக்குள்ளேயே குடையை விரித்தாள்.

“ஏட்டி, கண்ணாடிய ஏத்துட்டி!”

“காத்து வரட்டும்மா.”

“காத்தா இது? ஆத்துத் தண்ணிட்டி!”

கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் தண்ணீர். இடதுபக்கம் உரசிப் போன ஒரு பஸ் எங்களுக்கு அபிஷேகம் செய்துவிட்டுப் போனது. பத்மினி இரண்டு முறை இருமி நின்றுவிட்டது. பம்பாயில் மழையில் நின்ற வண்டியைத் தள்ள யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. பத்துப் பேர் தாங்களாகவே வந்தார்கள். உள்ளே மணப்பெண் என்று தெரிந்ததும் இருபது பேர் ஆனார்கள். “துல்ஹன் ஹை, துல்ஹன் ஹை, ஜோர் சே!” (பொண்ணு இருக்கா, பலமா!) என்று கத்திக்கொண்டே மண்டபம் வரை தள்ளி, அதே வேகத்தில் வாசலுக்குள்ளும் தள்ளினார்கள். வலதுபக்கம் மதில் சுவரோடு ஒட்டி, மூக்கு ஒரு தூணில் முட்ட, வண்டி நின்றது. பின்னாலேயே பாத்திரம் ஏற்றிய ஒரு டெம்போ வந்து வாலை ஒட்டி நின்றது. அதன் டிரைவர் இறங்கி டீ குடிக்கப் போய்விட்டார்.

மணி ஒன்பது. ஒன்பதரைக்குள் தாலி.

இடதுபக்கம் ஆரத்தித் தட்டோடு அத்தை, பின்னால் மேளம், பட்டுவேட்டியில் பாஸ்கர். யாரோ வந்து என் கதவின் வெளிக் கைப்பிடியை இழுத்தார்கள். வரவில்லை. பாஸ்கர் இழுத்தார். வரவில்லை. அம்மா பக்கத்துக் கதவை இழுத்தார்கள். அதுவும் வரவில்லை. “உள்ள இருந்து தொறங்க!” என்று கத்தினார்கள். நான் மருதாணிக் கையால் மழமழப்பான சந்தனப் பட்டையைத் தடவினேன்.

அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஸ்க்ரூ. இரண்டு ஸ்க்ரூவையும் கழற்றினால் கதவு திறந்துவிடும். ஸ்க்ரூ டிரைவர் டிக்கியில் இருக்கிறது. டிக்கியை அடைத்துக்கொண்டு டெம்போ நிற்கிறது. டெம்போவின் சாவி டீக்கடையில் நிற்கிறது.

மழைக்கு ஒதுங்கி நின்ற ஒரு மாட்டுங்கா மாமி நிலவரத்தை உரக்க அறிவித்தார். “ஐயையோ, பொண்ணு உள்ளேயே மாட்டிண்டுட்டா! பழைய வண்டியோல்லியோ, துரு பிடிச்சிருக்கும்.”

அது அப்பா காதில் விழுந்தது. மேலே இருந்த கண்ணாடியில் அவர் முகம் எனக்குத் தெரிந்தது. அப்பா அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் அழவில்லை, நனைந்த ஸ்டியரிங்கைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“அவிய சொன்ன மாதிரி பெரிய வண்டியே வரச் சொல்லிருக்கலாம் தாயி. என் வீம்புக்கு உன் கல்யாணத்தக் கெடுத்துட்டேனே.”

நான் செய்த திருட்டுத்தனத்துக்கு அந்த மனுஷன் தலைகுனிகிறார். இதற்கு மேல் என்ன மானம் வேண்டிக்கிடக்கிறது? ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, மேளத்தையும் மீறிக் கத்தினேன்.

“வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல! எங்கப்பா வண்டி சொக்கத் தங்கம்! ஓட்டையத் தப்பாப் போட்டது நான், அத மறைக்கப் பை தச்சது நான், பூட்டுல ஸ்க்ரூ எறக்குனதும் நான்! எல்லாம் நான்தான்!”

மேளம் நின்றது. மாமிகூடப் பேச்சை நிறுத்தினார். கல்யாண வாசலில் இப்படி ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்த பெண் அந்த மண்டபத்தில் அதற்கு முன் இருந்திருக்க மாட்டாள்.

“இப்ப என்ன பண்ணப் போற?” என்றார் பாஸ்கர், பாவம்.

“எறங்கப் போறேன். ஜன்னல் தொறந்துதான இருக்கு.”

ஒன்பது கெஜம் இல்லைதான், ஆனாலும் கனத்த பட்டு. ஒட்டியாணம், மாலை, ஜடை நாகம். சீட்டின் மேல் மண்டியிட்டேன். தலையும் தோளும் வெளியே வந்தன. ஒட்டியாணம் மாட்டிக்கொண்டது. பாதி உள்ளே பாதி வெளியே, மழையில் தொங்கினேன். போட்டோக்காரர் தன் கடமையைச் செய்துகொண்டிருந்தார். அப்போது அத்தை ஆரத்தித் தட்டைப் பக்கத்திலிருந்தவர் கையில் திணித்தார். முந்தானையை இழுத்துச் செருகினார்.

“ஏளா, ரெண்டு கையையும் எங்கிட்டக் குடு. கால எங்கயாவது ஊணு!”

காலை எங்கே ஊன்ற? நான் தைத்த பை இருந்தது. அதன் வாய்க்குள் வலது காலை விட்டு, என் உடம்பு, பட்டு, நகை அத்தனை பாரத்தையும் அதன்மேல் போட்டு உந்தினேன். ஒட்டியாணம் விடுபட்டது. அத்தை இழுத்தார். இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவராக மண்டபப் படியில் போய் விழுந்தோம்.

எழுந்ததும் அத்தை என்னைப் பார்க்கவில்லை. நேராகப் போய் ஜன்னலுக்குள் தலையை விட்டார். பையைப் பிடித்து இழுத்தார், அட்டையைத் தட்டினார்.

“ஒரு தையல் பிரியலயே! அட்டை ஒரு நூல் அசையலயே!” என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். “இவ்வளவு பெரிய பிள்ளையத் தாங்கிருக்கு!”

நனைந்த கோழியாக நின்ற எனக்கு அந்த நேரத்தில் ஜனாதிபதி கையால் விருது வாங்கிய மாதிரி இருந்தது. (இவ்வளவு பெரிய பிள்ளை என்றதை மட்டும் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.)

தாரை வார்க்க அப்பா வேண்டும். அவரும் பின்சீட்டுக்குத் தாவி, அதே ஜன்னல் வழியாக, அதே பையில் கால் வைத்து இறங்கினார். பையும் அசரவில்லை. அம்மா மட்டும் மாட்டேன் என்றுவிட்டாள். “நீங்க தாலியக் கட்டுங்க. நான் இங்க இருந்தே அச்சத போடுதேன்,” என்று குடையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். நல்லவேளையாக டெம்போ டிரைவர் வந்து சேர்ந்தார். டெம்போவை எடுத்ததும் பத்மினியைப் பின்னால் உருட்டி, வலதுபக்கக் கதவைத் திறந்து, தாலி ஏறுவதற்கு இரண்டு நிமிஷம் முன்னால் அம்மாவை மேடைக்குக் கொண்டுவந்தார்கள். அன்றிலிருந்து எந்தச் சண்டையிலும் அவளுடைய கடைசி வார்த்தை ஒன்றுதான். “இந்தக் குடும்பத்துல கதவு வழியா எறங்குனவ நான் ஒருத்திதான்.”

அந்த போட்டோ, நான் பாதி காரிலும் பாதி காற்றிலுமாகத் தொங்குவதும் அத்தை என் கையைப் பிடித்து இழுப்பதும், செம்பூர் வீட்டு ஹாலில் பெரிதாகச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. தாலி கட்டுகிற போட்டோ படுக்கையறையில். ஏன் என்று கேட்டால், “தாலி எல்லாரும்தான் கட்டுதாவ,” என்பார் அத்தை. அன்றைக்கு மண்டபத்தில் பையைப் பார்த்த ஒரு பெரியவர் தன் பழைய காருக்கும் அதே மாதிரி வேண்டும் என்று வந்தார். அவரைப் பார்த்து இன்னொருவர். இன்று எனக்கே ஒரு பட்டறை இருக்கிறது. பையும் தைக்கிறோம், பழைய கார்களின் கதவு அட்டையும் செய்கிறோம். மும்பை மழையில் நான் செய்த அட்டை ஒன்றுகூட இதுவரை வளைந்ததில்லை. இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்மினியை மறுவீட்டுக்கு வந்தபோதே சரிசெய்ய உட்கார்ந்தேன். இரண்டு ஸ்க்ரூவையும் எடுத்தேன். கதவு வெளியிலிருந்து திறந்தது. கண்ணாடிக் கைப்பிடிக்காகச் சந்தனப் பட்டையில் மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஓட்டை போட்டேன். கதவுக் கைப்பிடிக்கும் போடக் கத்தியை எடுத்தபோது அப்பா என் கையைப் பிடித்துவிட்டார்.

“அது கெடக்கட்டும் தாயி.”

“உள்ள இருந்து தொறக்க முடியாதேப்பா.”

“முடியாண்டாம்.” கத்தியை வாங்கிக் கீழே வைத்தார். “முப்பது வருசம், வண்டி நின்ன ஒடனே எறங்கி ஓடிப்போயி மொதலாளிக்குக் கதவத் தொறந்துவிட்டிருக்கேன். அவிய வீட்டுப் பிள்ளைக்கும் தொறந்துவிட்டிருக்கேன். எம் பிள்ளைக்கு ஒருநாளும் தொறந்துவிட்டதில்ல. வண்டி நிக்க முன்னாலயே நீயே தொறந்துட்டு ஓடிருவ.”

இப்போது அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. முழங்கால் வலி. மாதம் ஒருமுறை என்னைத் தாராவியிலிருந்து செம்பூரில் கொண்டுவந்து விடுவார். வண்டியை நிறுத்தி, இறங்கி, பானெட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றி வருவார். பின்னால் ஆட்டோக்கள் ஹாரன் அடிக்கும். பால்கனியிலிருந்து அத்தை, “மகாராணி எறங்குதாவோ, எல்லாரும் பொறுங்க!” என்று தெருவுக்கே அறிவிப்பார். பாஸ்கர் ஒவ்வொரு தடவையும் தலையில் அடித்துக்கொள்வார். “அரே, ஜன்னல் திறந்துதானே இருக்கு. கைய வெளிய விட்டா நீயே திறந்துக்கலாமே?”

திறக்கலாம். நான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, அப்பா வந்து சேரும்வரை உட்கார்ந்திருப்பேன்.